கொண்டமடுகில் ஆறாவது வெடி

தசரதன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே பாறைச் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தார். நாற்காலியின் இரண்டு பக்கமும் மூங்கில் கட்டி நாலு பேர் தூக்கி வந்தார்கள். மறுநாள் இதே நாற்காலியில் லண்டன் துரைசானி ஒருத்தி இறங்கப்போகிறாள். அவள் கீழே விழாமல் போய்ச் சேருவாளா என்று பார்ப்பதற்குத்தான் இந்த ஒத்திகை. துரைசானிமார் இரண்டு பேரைச் சேர்த்துக் கட்டினால் வருகிற எடை தசரதனுடையது. ஆகையால் ஒத்திகை பலமாகவே நடந்தது.

“மெதுவா, மெதுவா! நாளைக்கு துரைசானி மூஞ்சிக்கு நேரா யாரும் மூச்சு வாங்கக் கூடாது, சொல்ட்டேன்.”

“மூச்சு வாங்காம எப்டி மேஸ்திரி தூக்கறது?” என்றான் முன்மூங்கிலில் தோள் கொடுத்திருந்த வாசு.

“மேஸ்திரி இல்ல, காண்ட்ராக்டர்.”

“மூச்சு வாங்காம எப்டி காண்ட்ராக்டர் தூக்கறது?”

பின்னால் தூக்கியவர்கள் சிரித்ததில் நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்தது. தசரதன் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு, வாசுவின் குலத்தில் மூன்று தலைமுறையைத் திட்டி முடித்தார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து மூன்றாம் வருஷம், கிறிஸ்துமஸ் முடிந்த வாரம். கோலார் தங்கவயல் சுரங்கங்களுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிறவர் தசரதன். பதினைந்து வருஷத்துக்கு முன் அவரும் குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு பழந்துணி மூட்டையோடு வந்தவர்தான். ஐந்நூறு அடிக்குக் கீழே கூடை கூடையாகக் கல் வாரியவர்தான். கல்லை அசைப்பதைவிட ஆளை அசைப்பது சுலபம், ஆளை அசைப்பதைவிட துரை மனத்தைக் குளிரவைப்பது சுலபம் என்று சீக்கிரமே கண்டுகொண்டார். இப்போது தலைப்பாகை, கோட்டு, பெங்களூர் கண்டோன்மென்ட் கடையில் வாங்கிய கறுப்பு பூட்ஸு எல்லாம் இருக்கின்றன. பூட்ஸு கடித்தது. ஆனால் பூட்ஸு கடிக்கிற இடத்தில் காலை வைத்திருப்பதே ஒரு அந்தஸ்து என்று அவர் நம்பினார்.

அவர் வீட்டுச் சுவரில் பதினோரு கடிதங்கள் கண்ணாடி போட்டுத் தொங்கின. வந்துபோன துரைகள் கொடுத்த நற்சாட்சிக் கடிதங்கள். ‘இவன் பணிவானவன், சுறுசுறுப்பானவன், கேட்டதைச் செய்வான்’ என்பதுதான் பதினொன்றின் சாரமும். நல்ல நாய்க்கும் இதே வார்த்தைகள் பொருந்தும். தசரதன் அவற்றை விருது என்றே நினைத்திருந்தார். பன்னிரண்டாவதை எழுதவேண்டியவர் பிராட்லி துரை. அவர் சுரங்கத்தில் பங்கு வைத்திருக்கிற லண்டன்காரர்.

துரைமார் சுரங்கத்தைப் பார்த்துவிட்டால் அடுத்து என்ன செய்வது? பொழுது போகவேண்டுமே. அதற்காக தசரதன் கண்டுபிடித்த இடம்தான் கொண்டமடுகு. பூதிகோட்டையைத் தாண்டி மார்க்கண்டேய ஆறு இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே நெருக்கிக்கொண்டு ஓடி, ஒரு வளைவில் கறுத்த மடுவாகத் தேங்குகிறது. சுற்றியிருந்த ஊர்க்காரர்கள் அங்கே எருமை கழுவினார்கள். அதைப் போய் வேடிக்கை பார்க்கவேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியதில்லை. தசரதன் வருஷத்துக்கு ஒரு துரையின் பெயரை அந்தப் பள்ளத்துக்கு வைத்தார். போன வருஷப் பெயர்ப்பலகையைப் புரட்டிப் பின்பக்கம் இப்போது ‘பிராட்லி பள்ளத்தாக்கு’ என்று எழுதியாயிற்று.

இதற்கு இங்கிலீஷில் அச்சடித்த நிகழ்ச்சி நிரல் வேறு. நாற்காலியில் இறங்குதல் முதல் அம்சம். பாறையிடம் கத்தி எதிரொலி கேட்டல் இரண்டாவது. பிறகு பரிசல். நாலாவது, நாட்டுப் பெண்கள் அம்மி அரைக்கும் காட்சி. ஐந்தாவது, மடுவில் வெடிமருந்துத் தோட்டா வெடித்து மீன் மிதக்கவிடுதல். ஆறாவதைத் தன் சொந்தக் கற்பனை என்று தசரதன் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்: கூலிகள் தண்ணீரில் குதித்து, மிதக்கும் மீனைப் பல்லால் கவ்விக் கொண்டுவருவார்கள்.

“பல்லாலயா? கையி இன்னாத்துக்கு கீது?” என்று கேட்டான் ஏனோக்.

ஏனோக் சுரங்கத்தில் பாறைக்கு வெடி வைக்கிறவன். பத்து வருஷமாக வெடி வைத்தும் பத்து விரலும் மிச்சம் இருந்த சிலரில் ஒருவன். மடுவில் தோட்டா இறக்கும் வேலை அவனுக்கும் வாசுவுக்கும். அதோடு சேர்த்து மீன் கவ்வும் வேலையும்.

“கையால எடுத்தா அது வேல. பல்லால எடுத்தாதான் வேடிக்க,” என்றார் தசரதன்.

“நாளைக்கு ஞாயித்துக்கெழம. நான் கோயிலுக்குப் போவணும்.”

“அந்த துரையே கோயிலுக்குப் போவாம இங்க வர்றாரு. அவரவிட நீ பெரிய கிறிஸ்தவனா? வரலன்னா சொல்லு. திங்கக்கெழம உன் லைன் வீட்ட காலி பண்ணிட்டு ஊர் போய்ச் சேரு.”

லைன் வீடு என்பது நாலு மூங்கில் தட்டியும் ஒரு தகரமும். அதுவும் வேலை இருக்கிறவரைதான். வேலை தசரதன் கையில்.

ஏனோக்கின் மனைவி பாக்கியவதிதான் நாலாவது அம்சம். அவளுக்கு உத்தரவு வேறு மாதிரி. மிளகாய் நெடியில் துரைசானி தும்மிவிடக் கூடாது. ஆகவே அம்மியில் ஒன்றும் வைக்காமல் அரைக்கவேண்டும்.

“வெறும் அம்மியவா? கல்ல கல்லால அரைக்கிறதுக்கு எனுக்கு இன்னா பைத்தியமா புடிச்சிக்கீது?” என்றாள் அவள்.

“சிரிச்ச மொகமா அரைக்கணும்,” என்றார் தசரதன்.

ஞாயிற்றுக்கிழமை பகல் பதினோரு மணிக்கு பிராட்லி துரை குதிரையிலும் அவருடைய துரைசானி நாற்காலியிலும் வந்து சேர்ந்தார்கள். கூட நாலைந்து வெள்ளைக்காரர்கள். துரைசானி பாதி வழியிலேயே தூங்கிப்போனாள். தூக்கியவர்கள் மூச்சு வாங்கினார்களா இல்லையா என்று அவளுக்குத் தெரிய வாய்ப்பில்லை. துரை பாறையைப் பார்த்துத் தன் பெயரையே கத்தினார். பாறை திருப்பிச் சொன்னது. அதைப் பாறையின் மரியாதை என்று எடுத்துக்கொண்டு மூன்று முறை கத்தினார். பரிசலில் ஏறிப் பயந்து உடனே இறங்கிவிட்டார். பாக்கியவதி அம்மியை அரைத்தாள். சிரிக்கவில்லை. “இந்தப் பெண் ஏன் என்னை அப்படி முறைக்கிறாள்?” என்று துரைசானி இங்கிலீஷில் கேட்டாள். “உங்கள் அழகைக் கண்டு பிரமித்துவிட்டாள்,” என்று அதே பாஷையில் பதில் சொன்னார் தசரதன். இரண்டு பக்கமும் பேசுவதை மாற்றிச் சொல்வது அவர் வேலை. மாற்றித்தான் சொன்னார்.

பிறகு ஐந்தாவது அம்சம். ஏனோக்கும் வாசுவும் ஆறு தோட்டாக்களைக் கல்லோடு கட்டி மடுவில் வரிசையாக இறக்கினார்கள். திரிகளை ஒன்றைவிட ஒன்று நீளமாக வெட்டியிருந்தான் ஏனோக். அப்போதுதான் ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்கும், எண்ணலாம். பற்றவைத்துவிட்டு எல்லோரும் வளைவுக்குப் பின்னால் பெரிய பாறை மறைவில் ஒதுங்கினார்கள். அங்கிருந்து மடு தெரியாது. துரையின் போட்டோப் பெட்டி மட்டும் மூன்று காலையும் விரித்துக் கரையிலேயே தயாராக நின்றது.

வெடித்தது. தண்ணீருக்குள் வெடிப்பதால் கனத்த கதவுகளை யாரோ அறைந்து சாத்துகிற மாதிரி ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. பிறகு கொஞ்சம் தள்ளி, உருண்டு வந்த மாதிரி இன்னொன்று.

“சிக்ஸ்!” என்று கைதட்டினாள் துரைசானி. எல்லோரும் மடுவின் கரைக்கு ஓடினார்கள். ஐம்பது அறுபது மீன்கள் வயிற்றைக் காட்டி மிதந்தன.

“டேய், எறங்குங்கடா! ஆறாவது அய்ட்டம்!” என்றார் தசரதன்.

வாசு தலைத்துணியை அவிழ்த்தான். ஏனோக் அவன் அரைஞாணைப் பிடித்து இழுத்து நிறுத்தினான்.

“எத்தினி எண்ணின?”

“காதுல ஆறு கேட்டுச்சிண்ணா.”

“காத கேக்கல. காலு எத்தினி சொல்லுச்சி?”

வாசு யோசித்தான். முகம் வெளுத்தது. “அஞ்சு.”

சுரங்கத்தில் வெடி வைக்கிறவர்கள் காதால் எண்ணமாட்டார்கள். குகைக்குள் ஒரு சத்தம் நாலாகப் பிரியும், இரண்டு சத்தம் ஒன்றாகச் சேரும். பாறையின் அதிர்ச்சிக்கு அந்தப் பித்தலாட்டம் தெரியாது. வெறுங்காலைப் பாறைமேல் ஊன்றி நின்றால் ஒவ்வொரு வெடியும் உள்ளங்காலில் ஒரு குத்து குத்தும். குத்தைத்தான் எண்ணுவார்கள். எத்தனை வைத்தார்களோ அத்தனை குத்து வரவில்லை என்றால், ஒரு தோட்டா வெடிக்காமல் கிடக்கிறது. அதற்குச் சுரங்கத்தில் மிஸ்பயர் என்று பெயர். ஈரத் திரி ஊமையாகக் கனன்றுகொண்டிருந்து எப்போது வேண்டுமானாலும் வெடிக்கும். ஒரு மணி நேரத்துக்கு அந்தப் பக்கம் யாரும் தலைகாட்டக் கூடாது. இந்தக் கட்டுப்பாட்டை மீறியவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் விசாரிக்கத்தான் முடியாது.

அன்றைக்கு பூட்ஸு போட்டிருந்த அத்தனை பேருக்கும் ஆறு கேட்டிருந்தது. வெறுங்காலில் நின்ற அத்தனை பேருக்கும் ஐந்துதான் வந்திருந்தது. ஆறாவது, பாறை காட்டிய மரியாதை.

“ஒண்ணு வெடிக்கல மேஸ்திரி. ஒரு மணி நேரம் ஆவட்டும்,” என்றான் ஏனோக்.

“காண்ட்ராக்டர்! நான் என் காதால ஆறு கேட்டேன். துரையும் கேட்டாரு.”

“கடைசியா வந்தது எதிரொலி.”

“எதிரொலி ரெண்டாவது அய்ட்டம். அது முடிஞ்சிபோச்சி. ஒரு மணிக்கு துரை சாப்புடணும். எறங்கு!”

துரை கடிகாரத்தைப் பார்த்து, ஏன் தாமதம் என்று கேட்டார். “தங்கள் முன்னிலையில் குதிக்கக் கூச்சப்படுகிறார்கள்,” என்றார் தசரதன்.

இங்கிலீஷ் தெரியாத ஏனோக்குக்கு இங்கிலீஷில் ஒரு வார்த்தை தெரியும். அவன் நேரே துரையின் எதிரே போய் நின்று, மடுவைக் காட்டி, ஐந்து விரலையும் காட்டி, “மிஸ்பயர், சார். மிஸ்பயர்,” என்றான்.

அந்தச் சுரங்கத்தில் பங்கு வைத்திருந்த பிராட்லி துரை அந்த வார்த்தையை ஒரு கூலியின் உச்சரிப்பில் அதுவரை கேட்டதில்லை. அது மீனின் பெயர் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. “நல்லது, நல்லது, பெரியதாகப் பார்த்து ஒன்று கொண்டுவா,” என்றார்.

தசரதன் ஏனோக்கின் தோளைப் பிடித்து இழுத்தார். சத்தம் தாழ்ந்தது, விஷம் ஏறியது.

“இந்தா பாரு. இப்ப எறங்கல, உனுக்கு வேலயும் இல்ல, வீடும் இல்ல. தங்கவயல்ல எந்த சொரங்க ஷாப்டுலயும் உன்ன எவனும் சேத்துக்காத மாதிரி பண்ணிடுவேன். பொண்டாட்டிய இட்டுகினு எந்த ஊர்ல பிச்ச எடுக்கப்போறன்னு யோசிச்சிக்க.”

ஏனோக் மனைவியைப் பார்த்தான். அவன் பார்த்த விதம் பாக்கியவதிக்குப் பிடிக்கவில்லை. இறங்கிவிடுவான்போல இருந்தது. அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

“வேல போவட்டும், வீடு போவட்டும். நீ எறங்கின, அப்புறம் நான் உன்ன எந்தத் துண்டப் பாத்து அடையாளம் சொல்றது?” பிறகு தசரதன் பக்கம் திரும்பினாள். “ஏன் மேஸ்திரி, ஆறும் வெடிச்சிடுச்சின்னு நீதானே சொல்ற? நீ எறங்கு. உனுக்குந்தான் பல்லு கீது.”

கூலிகள் மத்தியில் ஒரு சத்தம் எழுந்தது. சிரிப்பு மாதிரி இருந்தாலும் சிரிப்பு இல்லை.

“என்ன சொல்கிறாள்?” என்று துரை கேட்டார். தசரதன் வாயைத் திறக்குமுன் பாக்கியவதி தசரதனைக் காட்டி, மடுவைக் காட்டி, மீனைக் காட்டி, தன் பல்லையும் காட்டிவிட்டாள். அவள் செய்த சைகைக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. துரைசானி கலகலவென்று சிரித்தாள். “அருமை! இவரே குதிக்கட்டும்! தலைப்பாகையோடு குதிக்கட்டும்!” என்றாள். துரை போட்டோப் பெட்டியைத் தசரதன் பக்கம் திருப்பினார்.

பதினைந்து வருஷமாக எந்தத் துரைக்கும் ‘மாட்டேன்’ சொல்லிப் பழகாத வாய் அது. “ஆகட்டும் துரை,” என்று தானாகவே சொல்லிவிட்டது.

தசரதன் கரைப் பாறைமேல் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினார். நனைந்தால் தோல் கெட்டுவிடும் அல்லவா? எழுந்து நின்றார். ஈரப்பாறையின் சில்லிப்பு உள்ளங்காலில் ஏறியது. அந்தக் கால் கொஞ்ச நேரம் முன்புவரை காண்ட்ராக்டர் கால். பூட்ஸை விட்டு வெளியே வந்ததும் பழையபடி கல் வாரிய கூலியின் கால் ஆகிவிட்டது. ஐந்நூறு அடிக்குக் கீழே இதே மாதிரி ஈரப்பாறையில் அவர் நின்றிருக்கிறார். எட்டு வைத்து ஏழு குத்து வந்த ஒரு நாளில், ‘போடா உள்ளே’ என்று கத்திய ஒரு மேஸ்திரியை அவருக்குத் தெரியும். முன்னால் போனவனையும் தெரியும். அவன் பெயர் மாணிக்கராஜ். பின்னால் கூடையோடு நின்றது தசரதன்.

“போங்கள், போங்கள்!” என்றாள் துரைசானி.

கால் எடுக்கவில்லை. துரை இன்னொரு தரம் சொன்னார். தசரதனின் தலைப்பாகை அசைந்தது, கை அசைந்தது. கால் மட்டும் பாறையோடு பாறையாக நின்றது.

“பின்னாடி வா மேஸ்திரி,” என்றான் ஏனோக் மெதுவாக. “வேணாம். வந்துடு.”

அவன் தசரதனின் கோட்டைப் பற்றி இழுத்த இழுப்பில் அவர் நாலு அடி பின்னால் வந்து மல்லாந்து விழுந்தார். ஏனோக் அவரை விடாமல் பாறைச் சந்துக்குள் தரதரவென்று இழுத்தான். வாசு எல்லோரையும் பின்னுக்குத் தள்ளினான்.

சற்று நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. துரை அலுத்துப்போய்க் கடிகாரத்தைத் திறந்தார். அப்போதுதான் மடு எழுந்து நின்றது.

சேறும் தண்ணீரும் கல்லுமாகப் பனைமர உயரத்துக்குப் போய்த் திரும்பி விழுந்தது. தசரதன் பூட்ஸு கழற்றிய இடத்தில் ஆட்டுக்குட்டி அளவுக்கு ஒரு கல் வந்து உட்கார்ந்தது. பூட்ஸைக் காணோம். துரைசானியின் தொப்பியில் ஒரு கெண்டை துடித்தது. துரைகளுக்காகக் கரையில் போட்டிருந்த சாப்பாட்டு மேசையில், வெள்ளைத் துணிமேல், ஆற்றின் அடியில் கிடந்த சேறெல்லாம் பரிமாறப்பட்டிருந்தது.

முதலில் கைதட்டியவர் பிராட்லி துரை.

“பிரமாதம்! இதுதான் இன்றைக்கு மிகச் சிறந்த அம்சம்!” பிறகு முகம் வாடியது. “ஆனால் போட்டோ பிடிக்கத் தவறிவிட்டேன். இன்னொரு தோட்டா இருக்கிறதா? இவர்களிடம் சொல், இந்தத் தடவை இரண்டு மூன்று பேர் தண்ணீரில் நிற்கட்டும். கிட்டே வேண்டாம், ஓரமாக நின்றால் போதும். ஆள் நின்றால்தான் படத்தில் உயரம் தெரியும்.”

தசரதன் சேற்றில் உட்கார்ந்திருந்தார். தலைப்பாகை எங்கேயோ போயிருந்தது. அவர் கூலிகளைப் பார்த்து, அன்றைக்கு முதல் தடவையாக, கேட்டதைக் கேட்டபடி சொன்னார்.

“டேய், துரை இன்னா சொல்றார்னா… படம் சரியா வரலியாம். இன்னொண்ணு வெடிக்கணுமாம். படத்துல ஒசரம் தெரியறதுக்கு உங்கள்ல ரெண்டு மூணு பேரு தண்ணில நிக்கணுமாம்.”

வாசு ஆற்றில் துப்பினான்.

தசரதன் எழுந்து துரையிடம் போனார். “அவர்கள் மாட்டார்களாம், துரை,” என்றார் இங்கிலீஷில். கொஞ்சம் நிறுத்தி, “நானும் மாட்டேன்,” என்றார்.

துரைக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும் முகம் சிவந்தது. நன்றி கெட்டவர்கள் என்றார். கடிதம் எதுவும் எதிர்பார்க்க வேண்டாம் என்றார். அந்த ஐந்து விரல் காட்டியவனை நாளைக்கே வேலையை விட்டு அனுப்பவேண்டும் என்றார். தசரதன் கைகட்டிக் கேட்டுக்கொண்டார். கைகட்டுவது ஒரே நாளில் போகிற பழக்கம் இல்லை. ஆனால், “அவனுக்கு எண்ணத் தெரியும், துரை. அனுப்பமாட்டேன்,” என்று மட்டும் சொன்னார். வெள்ளைக்காரர்கள் குதிரையேறிப் போனார்கள். துரைசானியின் நாற்காலியைத் தூக்க யாரும் முன்வரவில்லை. அவள் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தே மேலே ஏறினாள். நன்றாகவே ஏறினாள்.

அவர்கள் மறைந்ததும் தசரதனுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் குரல் திரும்பி வந்தது. கோட்டிலிருந்த சேற்றைத் தட்டிவிட்டுக்கொண்டு, கூலிகளை நோக்கி ஒரு கையை உயர்த்தினார்.

“ஏனோக்கு, நாளைக்கு ஷிப்டுக்கு வந்துடு. எல்லாரும் கேட்டுக்கங்க. இன்னிக்கி உங்க எல்லாரோட உசுரயும் காப்பாத்தினவன் இந்தத் தசரதன்றத யாரும் மறந்துடக் கூடாது. துரையயே எதுத்துப் பேசினேன். உங்களுக்காவ!”

மீன்களைப் பொறுக்கித் துணியில் கட்டிக்கொண்டிருந்த பாக்கியவதி நிமிர்ந்தாள்.

“ஏன் மேஸ்திரி, கொஞ்சம் முன்னாடி எங்கள தண்ணியில தள்ளப் பாத்தது யாரு? எங்க உசுர நாங்க எண்ணிக் காப்பாத்திகினோம், உன் உசுரயும் சேத்து. உன்ன யாரும் எங்களக் காப்பாத்தச் சொல்லல. மேல கீறவன் கைதட்டறதுக்கு கீழ கீறவன் உசுரத் தூக்கிக் குடுக்காத. அது மரியாத இல்ல, கொல. அத்த இன்னியோட நிறுத்து, அது போதும்.”

தசரதன் உயர்த்திய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். பிறகு அதை இறக்கி, குனிந்து, மீன் மூட்டையின் ஒரு முனையைப் பிடித்தார்.